நூறு பேர் முன்னால் முனீஸ்

என் வீட்டுக்காரர் பெயர் முனீஸ். வீரபாண்டியில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் பனியனுக்குப் படம் அச்சடிக்கிறார். அது ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் அவர் ஹார்ட் ராக் டிரம்மர். இதைச் சொன்னதும் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பரிதாபப்பட வேண்டியவள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை நான் பட்டால் போதும், ஊரார் படத் தேவையில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினேழு வயதில் திருப்பூருக்குப் பஸ் ஏறிய பையனுக்கு ராக் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? பனியன்தான் சொல்லிக்கொடுத்தது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. கறுப்புப் பனியன், நெஞ்சில் ஒரு மண்டையோடு, மண்டையோட்டின் வாயில் ஒரு பாம்பு, கீழே இவர் வாயில் நுழையாத ஒரு பெயர். நாற்பதாயிரம் பீஸ். ஒன்றரை மாதம் விடிந்தால் மண்டையோடு, அடைந்தால் மண்டையோடு. வேறு யாராவது என்றால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆர்டருக்குப் போயிருப்பார்கள். இவருக்கு மட்டும் ஒரு அரிப்பு. நாற்பதாயிரம் பேர் காசு கொடுத்து இந்தக் கண்றாவியை வாங்கிப் போடுகிறார்கள் என்றால் இவன் யார், அப்படி என்னதான் செய்துவிட்டான்? பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துச் செல்போனில் தேடியிருக்கிறார். ஒரு வீடியோ வந்தது. முன்னால் மூன்று தடியன்கள். பின்னால் உட்கார்ந்திருந்த நாலாவது தடியன் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு டிரம்மை அடித்த அடியில் இவர் அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாராம். இவர் சாப்பாட்டை மறப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

நான் அவரை முதலில் பார்த்தது திருப்பூரில் எங்கள் கோயிலில். சர்ச்சைத்தான் சொல்கிறேன். எனக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம், அங்கே நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் சபையில் புது டிரம் செட் வாங்கிவிட்டு, தோல் கிழிந்த பழையதை மூலையில் போட்டிருந்தார்கள். அது எப்படியோ இவர் காதுக்குப் போயிருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வருகிறோம், வாசலில் மண்டையோட்டுப் பனியனோடு ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கழித்துப்போட்ட பீஸில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், பாவி மனிதர். பெரியம்மாக்கள் அங்கேயே ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

"சாமி, அந்தப் பழைய கொட்டு ஒங்களுக்கு வேணாம்னாங்க. நான் எடுத்துக்கிறட்டுமா?" என்று போதகரிடம் கேட்டார்.

போதகர் பனியனைப் பார்த்தார். "தம்பி, இது யாரு?" என்றார்.

"தெரியல சாமி. ஆனா நல்லா வாசிப்பாப்ல."

நான் கோயில் வாசலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது. இரண்டு வீட்டிலும் நடந்த கூத்தை எழுதினால் தாள் பத்தாது.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பிறகுதான் டிரம் செட்டை அவர் மொபெட்டில் மூன்று நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரிய டிரம்மைப் பின்சீட்டில் உட்காரவைத்து, விழுந்துவிடக் கூடாதென்று துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பள்ளம் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தாராம். என்னை ஒருநாளும் அவ்வளவு பத்திரமாகக் கூட்டிப்போனதில்லை. அப்போது குடியிருந்தது லைன் வீடு. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நஞ்சம்மாள் அக்கா. இவர் வாசிக்க ஆரம்பித்த இரண்டாவது நாள் அக்கா வந்து கதவைத் தட்டியது.

"ஏனுங் ஆஷா, உங்கூட்டுக்காரரு எதையோ ஒடைக்கறாருங்களாட்ட இருக்குது. சொன்னீங்கன்னா எங்கூட்டுக்காரரும் வந்து கூட நின்னு ஒடச்சுக் குடுப்பாருங்க. வெரசா முடிஞ்சுருமுங்க."

கொங்கு நாட்டு மரியாதை இப்படித்தான் இருக்கும். திட்டு வாங்கினோம் என்பதே நமக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

அந்த நேரத்தில்தான் கவின் வந்து சேர்ந்தான். சின்னதாக ஒரு கார்மெண்ட்ஸ் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பிரிண்ட் சாம்பிள் பார்க்கப் பட்டறைக்கு வந்தவன், இவர் மேஜையில் விரலால் போட்ட தாளத்தைக் கேட்டுவிட்டு, தான் கிடார் வாசிப்பதாகவும் பாடுவதாகவும் சொல்லியிருக்கிறான். சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிற சுரேந்தர் பேஸ் கிடாரோடு வந்தான். மூன்று பேரும் வாசிக்க ஒரு இடம் வேண்டுமே! கவினுடைய அப்பாவின் வேஸ்ட் குடோன் கிடைத்தது. துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளையெல்லாம் மூட்டை கட்டிக் கூரைவரை அடுக்கியிருப்பார்கள். நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். உள்ளே நீங்கள் குண்டே போட்டாலும் வெளியே கேட்காது. அத்தனை சத்தத்தையும் மூட்டை குடித்துவிடும்.

இவருக்கு வினையே அதில்தான் வந்தது. அடிக்கிற அடி தன் காதுக்கே பத்தவில்லை என்று இன்னும் ஓங்கி அடித்தார். அதையும் மூட்டை குடித்தது. அதைவிட ஓங்கி அடித்தார். எட்டு வருஷம். கடையில் வாங்கிய குச்சி வாரத்துக்கு ஒரு ஜோடி உடைந்ததால், கொய்யா மரத்தில் தானே செதுக்கிக்கொண்டார். பெரிய டிரம்மை அடிக்கும் கால்மிதியின் ஸ்பிரிங் அறுந்தால் தையல் மிஷின் ஸ்பிரிங்கை மாட்டினார். தோள் இரண்டும் மூட்டை தூக்குகிறவர் தோள் மாதிரி ஆகிவிட்டன. குழுவுக்கு 'கட்டிங் வேஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஒரு குற்றமும் இல்லை, அவ்வளவு பொருத்தம். ஏழு பாட்டு தயார் செய்தார்கள். எல்லாம் கவின் எழுதியது. கரண்ட் போவதைப் பற்றி ஒன்று, அவசர ஷிப்மெண்டைத் திட்டி ஒன்று, மிச்சம் ஐந்தும் அவனை ஏறெடுத்தும் பார்க்காத தேஜஸ்ரீ என்கிற பெண்ணைப் பற்றி.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. டிபன் கேரியர், கேஸ் சிலிண்டர், தூங்கும்போது என் முதுகு. என் மாமியார் ஒச்சம்மாள் ஊரிலிருந்து வந்திருந்தபோது, மகன் உறக்கத்தில் காலை உதறுவதைப் பார்த்துப் பேய் பிடித்திருக்கிறதென்று விபூதி பூசியது. "பேய் இல்ல அத்தை, அது ரெண்டாவது பாட்டு" என்றேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்காதது ஞாயிற்றுக்கிழமைதான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை எனக்கு. ஆறு நாளும் தைத்த பீஸில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகும். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் காலையில் குடோனுக்குப் போகிறவர் சாயங்காலம்தான் வருவார். எட்டு வருஷமாகக் கோயிலுக்குத் தனியாகப் போனேன், மார்க்கெட்டுக்குத் தனியாகப் போனேன். போன சித்திரையில் ஒரு ஞாயிறு, கறி எடுத்துக் குழம்பு வைத்துவிட்டு மூன்று மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் ஐந்தரைக்கு வந்து, "என்னா வாசம், கறியா?" என்றதும் எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"எட்டு வருசமா யாருக்கு வாசிக்கீய? ஒரு மனுசன் கேட்டுருப்பானா? மூட்டைக்குத்தான வாசிக்கீய? இந்த வருசம் முடியறதுக்குள்ள நூறு பேரு முன்னால வாசிச்சுக் காட்டுங்க. இல்லன்னா செட்ட வித்துப்புட்டு ஞாயித்துக்கிழம எங்கூட இருக்கணும். ஆமா, சொல்லிட்டேன்."

அவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "நூறு பேரு. சரி" என்றார். "நூறு பேரு கேக்கலைன்னா நானே வித்துர்றேன் ஆஷா. ஆத்தா மேல சத்தியம்." பிறகு இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மனிதருக்கு எதிலும் சந்தேகமே வராது.

மற்ற ஊரில் பாட்டுக் குழு என்றால் முதலில் மேடை, அப்புறம் பேர், பேர் வந்தபிறகு பனியன். திருப்பூரில் முதலில் பனியன். கவினிடம் ஆர்டர் கேன்சலான கறுப்புத் துணி கிடந்தது. இவர் படத்துக்கு அச்சுப் பிரேம் போட்டார். முன்னால் தீப்பிடித்து எரிகிற வேஸ்ட் மூட்டை. பின்னால் இப்படி: 'கட்டிங் வேஸ்ட். முதல் கச்சேரி. அவிநாசிபாளையம். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, மாலை 5 மணி.' தனியாக டிக்கெட் கிடையாது, பனியன்தான் டிக்கெட். போட்டுக்கொண்டு வந்தால் உள்ளே விடுவார்கள். நானூறு பீஸ் அடித்து, மடித்து, கவர் போட்டு முடித்துவிட்டார்கள். அவிநாசிபாளையத்துக் கல்யாண மண்டபத்துக்காரரிடம் வாயால் பேசியதோடு சரி.

கச்சேரிக்கு மூன்று வாரம் முன்பு மண்டபத்தில் சவுண்டு பார்க்கப் போனார்கள். எட்டு வருஷமாக மூட்டைக்கு நடுவில் அடித்த மனிதர், முதன்முதலாகக் கான்கிரீட் சுவருக்கு நடுவில் உட்கார்ந்து அதே அடியை அடித்திருக்கிறார். முதல் பாட்டு பாதிகூடப் போகவில்லை. மேலே அலங்காரத்துக்கு ஒட்டியிருந்த பலகை ஒன்று கழன்று, பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் சோபாவில் வந்து விழுந்தது.

மண்டபத்துக்காரர் கோபப்படவே இல்லையாம். "தம்பி, அடுத்த முகூர்த்தத்துக்கு இங்கொரு கல்யாணமுங்க. பொண்ணு மாப்பிள்ளைக்கு மேல கூரை வேணுமுங்க" என்றாராம். அத்தோடு மண்டபம் போச்சு.

வேறு தேதி, வேறு ஊர் பார்க்கலாம் என்று கவின் சொன்னான். இவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நானூறு முதுகுல எழுதிட்டோம் கவினு." எனக்கு அப்போது உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைப்பானேன். இன்னும் ஒன்றரை மாதம் போனால் வருஷம் முடிகிறது, செட் போகிறது, ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று கணக்குப் போட்டேன்.

கவினின் அம்மாவைப் பெற்ற அப்புச்சி ஆத்தப்பனுக்கு அவிநாசிபாளையத்தில் ரோட்டோரமே காடு இருந்தது. பத்து ஏக்கரில் மக்காச்சோளம், பக்கத்தில் உழுது போட்ட வெறுங்காடு. அந்த வெறுங்காட்டைக் கேட்கலாம் என்று இவரும் கவினும் கிளம்பினார்கள். நானும் மொபெட்டில் ஏறிக்கொண்டேன், அப்புச்சி முடியாது என்று சொல்வதை நேரில் கேட்க.

ஆத்தப்பன் எங்களை உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க சத்தத்துல மண்டபமே உழுந்துருச்சாமா?" என்றார்.

"மண்டபம் இல்லய்யா, ஒரு பலகதான்" என்றார் இவர். குரலில் வெட்கம் துளி இல்லை, பெருமைதான் இருந்தது.

"என்ற காட்டுல மயிலுத் தொல்ல தாங்க முடியறதில்லீங்க தம்பி. பாதிக் கருது அதுக, பாதி நானு. வெடி போட்டா போவுது, பொகை அடங்கறதுக்குள்ளாற வந்துருது. கைய வெச்சா கேசாயிரும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. கருது அறுக்கறமுட்டும் தெனம் வெடியால ஆறு மணிக்கு வந்து கொட்டோணும். மயிலு போச்சுன்னா காட்ட எடுத்துக்குங்க."

"அப்புச்சி, அவுரு கலைஞருங்க" என்று கவின் பல்லைக் கடித்தான்.

"கலைஞர் வேண்டாமுன்னா போறாரு கண்ணு" என்றார் ஆத்தப்பன்.

இவர் எழுந்து நின்றே விட்டார். "நாளைக்கே வாரேங்கய்யா."

பன்னிரண்டு நாள். டிசம்பர்க் குளிரில் ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு டிரம்மும் ஒரு தாளத்தட்டும் மொபெட்டில் கட்டிக்கொண்டு இருபது கிலோமீட்டர் போவார். ஆறிலிருந்து ஏழரை வரை வரப்பில் உட்கார்ந்து அடிப்பார். எட்டரைக்குப் பட்டறைக்கு வந்து பனியன் அச்சடிப்பார். முதல் நாளே நாற்பது மயில் ஒன்றாகக் கிளம்பிப் பக்கத்துக் காட்டு வெள்ளையன் தோட்டத்தில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் வெள்ளையன் சண்டைக்கு வந்தார். நான்காம் நாள் சண்டையை விட்டுவிட்டு, "தம்பி, ரெண்டு காட்டுக்கும் நடுவால பொழியில உக்காந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் ஆவுமுங்களே" என்று இடத்தை மாற்றினார். ஆத்தப்பன் தினமும் ஒரு சொம்பு பால் கொடுத்தார்.

எட்டாம் நாள் சாயங்காலம் இவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். "ஆஷா, இன்னிக்கு மூணு மயிலு போகல. கடைசி வரைக்கும் ஒக்காந்து கேட்டுச்சு."

"மயில நூறுல சேக்க முடியாது, சொல்லிட்டேன்."

"சேக்க வேணாம் புள்ள. சும்மா சொன்னேன்."

மறுநாள் என்ன தோன்றியதோ, நானும் கூடப் போனேன். பனி மூடிக் கிடந்த காடு. அதற்கு நடுவில் ஸ்வெட்டர்கூட இல்லாமல், எதிரே ஆயிரம் பேர் நிற்கிற மாதிரித் தலையை நிமிர்த்திக்கொண்டு அடித்தார். கேட்பதற்கு ஒரு குஞ்சு இல்லை. ஒரு அடியில்கூட அசட்டை இல்லை. நான் மொபெட் பக்கத்தில் நின்று அழுதுவிட்டேன். எட்டு வருஷம் இந்த மனிதர் எங்கே போனார், என்ன செய்தார் என்று ஒருநாள்கூடப் போய்ப் பார்க்காதவள் நான்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் பனியன் மூட்டையைப் பிரித்து எங்கள் கம்பெனியில் நானே விற்க ஆரம்பித்தேன். விற்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, மிரட்டினேன். கட்டிங் பையன்கள், டெய்லர்கள், என் செக்கிங் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்திருந்த பையன்கள் என்று ஒருவரையும் விடவில்லை. நூற்றெழுபது பீஸ் எங்கள் கம்பெனியிலேயே போனது. மிச்சத்தில் பாதிக்குமேல் கவினிடம் அப்படியே கிடந்தது. அதனால் கச்சேரிக்குக் கூட்டம் என்றால் எங்கள் கம்பெனிக் கூட்டம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து எங்களுக்கு லீவு இல்லை என்று சனிக்கிழமை மாலை அறிவித்தார்கள். ஷிப்மெண்ட். கண்டெய்னர் ஞாயிறு இரவு தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். மேனேஜர் ஆறுமுகசாமியிடம் போய் நின்றேன். "நாலு மணிக்கு முடிஞ்சுருமுங்க அம்மிணி, நாலரைக்கு வேன் எடுத்தர்லாம்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் வந்த ஒரு லாட்டில் கழுத்துத் தையல் கோணல். அதை அப்படியே அனுப்ப முடியுமா? என் கையெழுத்துப் போட்டுப் போகிற பீஸ் அது. நானேதான் திருப்பி அனுப்பினேன். பிரித்துத் தைத்து மறுபடி வர வேண்டும்.

ஐந்து மணி ஆனது. எல்லாரும் நேராகக் கச்சேரிக்குப் போகலாம் என்று காலையிலேயே அந்தக் கறுப்புப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நான் லைனுக்குப் பின்னால் நடக்கிறேன். குனிந்து தைக்கிற ஒவ்வொரு முதுகிலும் 'மாலை 5 மணி', 'மாலை 5 மணி', 'மாலை 5 மணி'. நூறு பேர் என்று சொன்னதும் நான். அந்த நூறு பேரை இங்கே பிடித்து வைத்திருப்பதும் நான்.

போன் அடித்தது. சுரேந்தர்.

"அக்கா, முப்பது பேருதானுங்க வந்திருக்கறாங்க. அதுலயும் பத்துப் பேரு கவினு அப்புச்சி ஊட்டு ஒறம்பரைங்க. தள்ளிப் போடலாமுன்னு நாங்க சொல்றோமுங்க, அண்ணன் கேக்க மாட்டேங்கறாருங்க."

போனை அவர் வாங்கினார். "பனியன்ல அஞ்சுன்னு போட்ருக்கு ஆஷா. ஆரம்பிக்கிறேன்."

"இங்க இன்னும் முடியலியே! யாருக்கு வாசிக்கீய?"

"வந்துருக்கவுகளுக்கு. நீங்க வர்ற வரைக்கும் நிப்பாட்ட மாட்டேன். பதறாம வேலயப் பாரு, ஓட்டையோட ஒரு பீசும் போயிரக் கூடாது." பட்டென்று வைத்துவிட்டார். இந்த மனிதருக்கு என் வேலையைப் பற்றியும் தெரிந்திருக்கிறது.

நான் மேஜைமேல் ஏறி நின்று விஷயத்தைச் சொன்னேன். அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார், நாம் போகிறவரை நிறுத்த மாட்டார், இன்னும் ஆயிரத்து எண்ணூறு பீஸ் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு யாரும் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஒடிசாப் பையன் ஒருவன், "தீதி, சலோ, ஜல்தி" என்று என்னை அவசரப்படுத்தியபடி கட்டுக் கட்டாகச் சுமந்துவந்து என் முன்னால் போட்டான். ஒரு பீஸையும் பார்க்காமல் விடவில்லை, கர்த்தர் சாட்சி. ஆறே முக்காலுக்குக் கடைசிப் பெட்டி ஒட்டியாகிவிட்டது. ஆட்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விடுகிற கம்பெனி வேன் ஆறு. எல்லா டிரைவரையும் அவிநாசிபாளையம் வழியாகத்தான் போக வேண்டும் என்று விரட்டி ஏற்றினேன். பல்லடம் ரோட்டு வேன் டிரைவர், "அது சுத்துங்க அக்கா" என்றார். "சுத்துங்க" என்றேன்.

ஊர் எல்லையைத் தொடும்போதே சத்தம் கேட்டது. பாட்டு கேட்கவில்லை, கிடார் கேட்கவில்லை. டிரம் மட்டும். வேனில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள்.

இரண்டு டிராக்டர் டிரெய்லரை ஒட்டி நிறுத்தி மேடை போட்டிருந்தார்கள். ஏழு பாட்டையும் நான்கு சுற்று வாசித்து முடித்திருக்கிறார்கள். கவினுக்குத் தொண்டை கட்டிவிட்டது, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். சுரேந்தர் டிரெய்லர் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தே வாசித்தான். வந்த முப்பதில் பாதி போய்விட்டது. ஆத்தப்பன் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பாட்டுக்குப் பாட்டு எழுந்துபோய் இவர் வாயில் இளநீர் ஊற்றினாராம். இவர் மட்டும் அப்படியே இருந்தார். வலது உள்ளங்கை கிழிந்து, கட்டிங் வேஸ்ட் துணியால் சுற்றியிருந்தது. அது சிவந்திருந்தது.

வேன் கதவுகள் திறந்து கறுப்புப் பனியன்கள் உழவுகாட்டில் இறங்கி ஓடின. அவர் பார்த்தார். அடியை நிறுத்தினார். கவினையும் சுரேந்தரையும் எழுப்பி நிற்கவைத்தார். கொய்யாக் குச்சி இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டி, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்!" என்று கத்திவிட்டு முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தார்.

குடோனில் யாருக்கும் கேட்காத அடி, மண்டபத்தில் தாங்காத அடி, அந்தத் திறந்த காட்டில் அவ்வளவு அழகாக விழுந்தது. அவசர ஷிப்மெண்ட் பாட்டு வந்தபோது எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலில் ரோட்டில் போன பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது. வேனில் கூடவே வந்திருந்த மேனேஜர் ஆறுமுகசாமி சட்டையைக் கழற்றிச் சுற்றினார். அவரைப் போன்ற மேனேஜர்களைத் திட்டித்தான் அந்தப் பாட்டே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஏழாவது பாட்டும் முடிந்தது. ஓவென்ற சத்தம் அடங்கவே இல்லை. அவர் டிரெய்லரிலிருந்து இறங்கி, மண் கட்டியில் தடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் வியர்வை. கிழிந்த கையை மறுகையால் பிடித்திருந்தார். பதினோரு வருஷமாக எனக்கு இந்த மனிதரைத் தெரியும். எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"நூறு பேரு இருப்பாகளா ஆஷா?" என்றார். "எண்ணுனியா?"

"எண்ணலங்க" என்றேன். "நான் ஆடிக்கிட்டு இருந்தேன்."